இன்ஸ்பெக்ஷன் ஹாலுக்கு நான் போட்ட வெளிச்சம்

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகுமா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பார், இல்லையென்றால் ரயில் டிக்கெட்டைப் பற்றி. நான் முறைப்பதைப் பார்த்து மிரண்டு போவார். தொண்ணூறுகளின் நடுவில், ஓசூரில், இதே கேள்வியை ஒரு பெரிய ஹாலின் நடுவில் நிற்கவைத்து என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் பதிலை முடிக்கக்கூட விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

நான் மத்தூர்க்காரி. அப்பாவுக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் மாந்தோப்பு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் விளக்குகள் செய்யும் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலையில் சேர்ந்தேன். தெருவிளக்கு, தொழிற்சாலை விளக்கு, ஆபீஸ் கூரையில் பதிக்கும் விளக்கு என்று எல்லாம் செய்வார்கள். என்னை எடுத்தது கொட்டேஷன் டைப் அடிக்க. டிப்ளமா படித்தவள் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பொம்பளைப் பிள்ளை, விரல் வேகமாக ஓடும், போதும் என்று விட்டார்கள்.

அப்போதுதான் கம்பெனியோடு கூட்டு வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு புரோகிராமை ஃபிளாப்பிகளில் போட்டு அனுப்பினார்கள். ஒரு கட்டடத்தில் எந்த விளக்கை எங்கே மாட்டினால் எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று, ஒரு ஆணிகூட அடிப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் படமாகவே காட்டிவிடும் புரோகிராம் அது. எங்கள் இன்ஜினியர்கள் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தலையைச் சொறிந்தார்கள். அப்புறம், "டைப் அடிக்கிற பொண்ணு சும்மாதான இருக்கு" என்று என் தலையில் கட்டினார்கள். என் வாழ்க்கையில் வேண்டாவெறுப்பாக யாரோ தூக்கிப் போட்டதில் நான் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்தது. ஹாலின் நீளம், அகலம், உயரம் கொடுக்க வேண்டும். சுவர் என்ன நிறம், கூரை என்ன நிறம், தரை சிமெண்டா மொசைக்கா என்று கொடுக்க வேண்டும். விளக்கிலிருந்து நேராக விழுவது பாதி வெளிச்சம்தான், மீதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. வெள்ளைச் சுவர் வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும், அழுக்குப் பச்சைச் சுவர் பாதியை விழுங்கிவிடும். இதற்காகவே வெளுப்பிலிருந்து கறுப்பு வரை கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு அட்டை இருந்தது. ஒவ்வொரு கட்டடமாகப் போய் அந்த அட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். வாட்ச்மேன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெயின்ட் கம்பெனியில் இருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காலையில் கணக்கை ஓடவிட்டால் படம் திரையில் வர சாயந்திரம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக, மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும். பாதியில் கரண்ட் போனால் போச்சு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது. அதைவிடத் தீக்குச்சி அதிக நேரம் தாங்கும். கரண்ட் போன நாட்களில் நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது. அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: மகள் இன்னும் டெம்பரவரி. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது முடிவாகச் சொல்லிவிட்டார்.

"வேல பர்மனென்ட் ஆச்சுன்னா இருந்துக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆவலன்னா அடுத்த வருசம் மாங்கா சீசனுக்குள்ள மூட்டையக் கட்டிகினு வந்துடு. சிங்காரப்பேட்டையில நல்ல எடம் வந்துகீது. அவங்களும் எத்தினி நாளுதான் காத்துகினு இருப்பாங்க?"

கெட்ட மனுஷர் இல்லை என் அப்பா. அந்தக் காலத்தில் மகளை ஓசூரில் தனியாக ரூம் எடுத்துத் தங்கவிட்டதற்கே சொந்தக்காரர்கள் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருந்தார்கள். அவருக்குப் பதில் சொல்ல ஒரு சொல் வேண்டும். பர்மனென்ட் என்ற சொல். அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் நான் விரும்பிய வேலையை நான் விரும்பிய ஊரில் செய்துகொண்டு இருக்கலாம். வாங்க முடியாவிட்டால் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் போய் அடுப்பு ஊத வேண்டும். எனக்கு அப்போது இருந்த கவலை இது ஒன்றுதான்.

எங்கள் மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கோபக்காரர் இல்லை, சிரித்துச் சிரித்துப் பேசுவார். பாகலூர் ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையின் வேலை வந்தபோது அவரே என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரும்மா, பெரிய பார்ட்டி. கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டினாத்தான் ஆர்டர்ங்கிறாங்க. நீ போட்ட கணக்குப்படி வெளிச்சம் வந்துருச்சுன்னு வச்சுக்க, அடுத்த மாசமே உன்னைய லைட்டிங் டிசைனர்னு பர்மனென்ட் பண்ணிப்புடுறேன். எம்.டி.கிட்டப் பேசிட்டேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் பளபளவென்று தேய்த்த சின்னச் சின்ன ஸ்டீல் தண்டுகள் செய்தார்கள். அவற்றில் மயிரிழை கீறல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு புது ஹால் கட்டினார்கள். அதுதான் இன்ஸ்பெக்ஷன் ஹால். பழைய ஷெட்டில் அந்த வேலை நடப்பதைப் போய்ப் பார்த்தேன். நீள மேஜைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தண்டை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். தலைக்கு நேர்மேலே டியூப் லைட். ஸ்டீலில் அந்த டியூபின் வெள்ளைக் கோடு அப்படியே தெரிந்தது. அந்தக் கோட்டுக்குள் கீறல் ஒளிந்துகொள்ளும். அவர்கள் கழுத்தை ஒடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு தண்டை வாங்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதனால் புது ஹாலுக்கு நான் மேஜைக்கு மேலே விளக்கே வைக்கவில்லை. மேஜைகளின் இரண்டு பக்கமும் தள்ளி வைத்தேன், கொஞ்சம் வெளிச்சத்தைக் கூரைக்கும் அனுப்பினேன், கூரையை வெள்ளையாக அடிக்கச் சொன்னேன். பக்கத்திலிருந்து மெதுவாக வெளிச்சம் விழுந்தால் கீறல் தானாகவே தெரியும், கண்ணும் கூசாது. எத்தனை விதமாக மாற்றி மாற்றி ஓடவிட்டேன் என்று கேட்காதீர்கள். திரையில் ஒவ்வொரு மேஜையின் மேலும் எவ்வளவு வெளிச்சம் என்று நிற நிறமாக விழும், இருட்டுக்கு நீலம், வெளிச்சத்துக்கு மஞ்சளும் சிவப்பும். மேஜை முழுவதும் ஒரே மஞ்சளாக வந்த அன்றைக்கு நான் எழுந்து போய் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

அப்போது எங்களிடம் நல்ல கலர் பிரின்டர் இல்லை. அறையை இருட்டாக்கி, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, திரையைப் போட்டோ எடுத்து ஸ்டுடியோவில் கழுவிக் கொண்டுவர வேண்டும். ஸ்டுடியோக்காரர் முதல் பிரிண்டைப் பெருமையாக நீட்டினார்.

"மேடம், மூலையெல்லாம் டல் அடிச்சுது. நான்தான் தூக்கிவிட்டு பளிச்சுனு பண்ணிகிறேன்."

"அண்ணா, இது என்ன கல்யாண ஆல்பமா? பொண்ணைச் செவப்பாக் காட்ட? டல்லா இருக்கற எடம் டல்லாத்தான் இருக்கணும். திரும்பப் போடுங்க!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் போட்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் காட்டிய படத்தில் ஒரு துளிகூட ஜிகினா கிடையாது. இல்லாத வெளிச்சத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

அந்தத் தொழிற்சாலையின் பெரிய மேனேஜரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். பாகலூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஹாலு இன்னும் கட்டியே முடியல, அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டு வந்துட்டியேம்மா!" என்று சிரித்தார். ஆர்டர் வந்தது. ஹால் எழும்பியது, கூரைக்கு வெள்ளை அடித்தார்கள், நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன விளக்கை மாட்டினார்கள். அளந்து பார்த்து ஒப்படைப்பது மட்டும் பாக்கி. அதை ஆயுத பூஜை முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியெல்லாம் அதற்கு அப்புறம்தான். சிப்காட் முழுக்க வாழைக்கன்றும் மாவிலையும், கேட்டுக்கு கேட் பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். எங்கள் ஆபீசில் பூஜை செய்வது மேனேஜர்தான், வேறு யாரையும் விடமாட்டார். வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். டெலிபோனுக்கு, கால்குலேட்டருக்கு, ஸ்டேப்ளருக்கு, அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்த கருவிகளுக்கு எல்லாம் பொட்டு. என் கம்ப்யூட்டர் அருகில் வந்தபோது, "சார், ஸ்கிரீன்ல மட்டும் வேணாம்" என்று கெஞ்சினேன். "சாமி கோவிச்சுக்கும்மா" என்று சிரித்துவிட்டுப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டுப் போனார். பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து அளக்கப் போனோம். வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. கையளவு பெட்டி, அதிலிருந்து ஒயரில் தொங்கும் ஒரு வெள்ளைக் குமிழ். குமிழின் மேல் விழும் வெளிச்சத்தைப் பெட்டி எண்ணாகக் காட்டும். கம்பெனிக்கு இருந்தது அது ஒன்றுதான், வெளிநாட்டுச் சாமான். மேனேஜர் அதை யார் கையிலும் தரமாட்டார். அன்றும் அவரே மேஜை மேஜையாக வைத்து எண்ணை வாசித்தார், நான் எழுதிக்கொண்டே பின்னால் போனேன். முதல் மேஜையின் எண்ணை எழுதிவிட்டு என் கணக்குத் தாளைப் பார்த்தேன். நான் சொன்னதைவிடக் கால்வாசி குறைவு. அடுத்த மேஜையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. கூட வந்த எங்கள் இன்ஜினியர் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "சினிமா படம் காட்டுச்சு கம்ப்யூட்டரு." பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகுமா?"

"தப்பு இல்லைங்க சார். டியூப் பழசானா, தூசி படிஞ்சா வெளிச்சம் குறையும்னு அதுக்கும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட்டிருக்கேன். இது புத்தம் புது டியூப். இன்னிக்கு நான் சொன்னதைவிட ஜாஸ்தியாத்தான் காட்டணும். கம்மியாக் காட்டவே முடியாது. மீட்டர்ல என்னமோ..."

"மீட்டரைச் சொல்லாதம்மா" என்று மேனேஜர் இடைமறித்தார். குரலில் சிரிப்பு இல்லை. "அது ஃபாரின் மீட்டர்."

"பெங்களூர்ல இருந்து வேற ஒரு மீட்டர் வாங்கிட்டு வந்து ஒரு தடவை பார்த்துட்டா..."

"உன் கணக்கைச் சரின்னு காட்ட ஊரெல்லாம் மீட்டர் தேடணுமாக்கும்? போதும், பேசாம இரு."

அத்தனை ஆம்பிளைகள் நடுவில் நான் ஒருத்தி, கண் கலங்கினால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அங்கேயே முடிவாகிவிட்டது. குறைந்த வெளிச்சத்துக்கு இன்னும் விளக்கு போட வேண்டும். எங்கே போடுவது? வேறு எங்கே, மேஜைக்கு நேர் மேலேதான். பழைய ஷெட்டில் இருந்த மாதிரியே, தலைக்கு மேலே வரிசை வரிசையாக டியூப். பக்கத்திலிருந்து வெளிச்சம் வர நான் பட்ட பாடெல்லாம் பாழ். மேனேஜர் திரும்பும் வழியில் ஜீப்பில் உற்சாகமாகவே இருந்தார். சேர்த்துப் போடும் விளக்குகளுக்குத் தனி ஆர்டர் கிடைத்திருந்தது.

அதற்கப்புறம் பர்மனென்ட் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானாகக் கேட்டபோது, "இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா எம்.டி.கிட்டப் போயி கேக்குறது?" என்றார். கொஞ்ச நாளில் பெங்களூரில் இருந்து ஒருவரை லைட்டிங் டிசைனராகக் கொண்டுவந்தார்கள். நல்ல பையன்தான், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் புரோகிராமை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை மட்டும் எனக்கு வந்தது. சொல்லிக் கொடுத்தேன். என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிக் கொடுத்தேன். பிறகு கொட்டேஷன் டைப் அடிக்கப் போனேன்.

தை மாதம் ஒரு நாள், புது டிசைனர் வெளியூரில் ஒரு கட்டடத்தை அளக்கப் போவதற்காக அந்த லக்ஸ் மீட்டரை எடுத்துத் துடைத்து வைக்கச் சொன்னான். அதுவரை அதை நான் தொட்டதே இல்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் உறையிலிருந்து எடுத்தேன். வெள்ளைக் குமிழ் வெள்ளையாக இல்லை. மங்கலான மஞ்சள். நகத்தால் சுரண்டினேன், பொடி உதிர்ந்தது. குமிழின் கழுத்தைச் சுற்றி, துணி நுழையாத இடுக்கில், காய்ந்த குங்குமம். மூக்கருகில் கொண்டுபோனேன். மூன்று மாதம் கழிந்தும் சந்தன வாசனை லேசாக இருந்தது.

குமிழுக்கு நடுவில் பெரிய சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, பூஜை முடிந்ததும் கைத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்திருக்கிறார். பொட்டு போய்விட்டது. அது இழுகிக் குமிழ் முழுக்கப் படிந்த பூச்சு போகவில்லை. மேஜையில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தேன், காயவிட்டு, அதே இடத்தில் மறுபடி வைத்தேன். எண் துள்ளி ஏறியது. பாகலூர் ரோட்டில் குறைந்த கால்வாசியும் அதற்கு மேலேயும் அங்கே இருந்தது. எனக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. நான் சொன்னது சரி, நான் சொன்னது சரி என்று எனக்குள்ளேயே கத்திக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

மஞ்சள் ஏறியிருந்த பஞ்சை அவர் மேஜையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பஞ்சைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரிம்மா. இப்ப இதைச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? எங்கணக்கு சரி சார். அந்த ஹால்ல ஒரு லைட்டு கூடத் தேவையே இல்ல."

"அதைத்தான் சொல்றேன். தேவையில்லாத லைட்டை அவங்க தலையில கட்டியாச்சு. எம்.டி. மீட்டிங்ல அந்த ஆர்டரைப் பாராட்டிப் பேசிட்டாரு. இப்பப் போயி, சார் சார், மீட்டர்ல சந்தனம் அப்பிக்கிச்சுன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா. சாமி காரியம் வேற, அதைப் போயி குத்தம் சொல்லக் கூடாது."

"அப்ப என் பேரு?"

"உம் பேருக்கு என்னம்மா? யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

"என் போஸ்ட்டு சார்?"

"அதான் ஆளு வந்தாச்சே" என்று சொல்லிவிட்டு, ஏதோ தூசியைத் தட்டுவதுபோல அந்தப் பஞ்சைக் குப்பைக் கூடையில் தட்டிவிட்டார்.

எம்.டி. அறைக்கும் போனேன். வாசலிலேயே அவர் உதவியாளர், "உங்க மேனேஜர் மூலமா வாங்க" என்று திருப்பி அனுப்பினார். புது டிசைனரிடம் சொன்னேன். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "பாவம்ங்க நீங்க" என்றான். அவனுக்கும் சம்பளம் அந்த மேனேஜர் கையில்தான். கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சந்தனத்தை நினைத்து. சிலர், "விடும்மா, இன்னும் அதையே பேசிகினு" என்றார்கள். இப்படியாக, தப்பு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதுமாயிருந்த என் கணக்கைச் சரி என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

மாசி கடைசியில் பாகலூர் ரோட்டிலிருந்து புகார் வந்தது. பெண்களுக்குக் கண் எரிகிறது, தலை வலிக்கிறது, கீறல் பட்ட தண்டெல்லாம் பாஸாகிப் போய்த் திரும்பி வருகிறது. போய் என்னவென்று கேட்டு வர ஒருவரும் முன்வரவில்லை. "அது போட்ட ஹால்தான, அதையே அனுப்புங்க" என்றார்கள். அதைப் போட்டது நான் இல்லை என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், அந்த ஹாலைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

உள்ளே போனதும் கண் கூசியது. தலைக்கு மேலே எரியும் டியூப் எல்லாம் ஸ்டீலில் இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. பெண்கள் சிலர் டியூபுக்குக் கீழே அட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒருத்தி முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்தாள். மற்றவர்களைவிட வயதானவள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் யார் என்று கேட்டாள். விளக்குக் கம்பெனி என்றேன்.

"அப்படியா? இந்த லைட்டுக்குக் கணக்குப் போட்டது ஒரு பொண்ணாமே? கம்ப்யூட்டர்ல என்னமோ தப்பாப் போட்டுடுச்சாம், அப்பறம்தான் இத்தினி லைட்டையும் மாட்னாங்களாம். அவ கண்ணு அவிஞ்சு போவ! நாங்க நாளெல்லாம் அழுதுகினு உக்காந்துகிறோம், அவ எங்கன்னா நல்லா தூங்குவா."

அவளை நான் என்ன சொல்ல? அவள் கண் எரிகிறது, திட்டுகிறாள். அவள் கண் எரியக்கூடாது என்றுதான் அத்தனை நாள் மாற்றி மாற்றிப் படம் போட்டேன் என்று எப்படிச் சொல்ல? நேராகப் பெரியவர் அறைக்குப் போனேன். மேலே பிறகு மாட்டியதை எல்லாம் அணைத்துவிட்டால் போதும், முதலில் மாட்டியதே தாராளம், மீட்டரில் சந்தனம் படிந்திருந்தது என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"பேடம்மா, பேட! முதல்ல கம்மின்னு ஆச்சு, இப்ப ஜாஸ்திங்கற. நாளைக்கு வந்து என்ன சொல்லுவியோ? நீ போம்மா, உங்க மேனேஜரை வரச் சொல்லு."

வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னால்தான் அவருக்கு மனம் ஆறும்போல. மேனேஜர் போனார், கூடவே புது டிசைனரும். மேலே இருந்த வரிசைகளை அணைக்கச் சொன்னார்கள். பெண்களுக்குக் கண் எரிச்சல் நின்றது. புது டிசைனர் கை ராசியான கை என்று பெரியவர் போன் பண்ணிப் பாராட்டினாராம். அணைத்தபின் எரிந்ததெல்லாம் நான் வைத்த விளக்கு, நான் வைத்த இடத்தில். அதற்கு நல்ல பெயர் வந்தது, எனக்கு வரவில்லை.

மாங்காய் சீசன் வந்துவிட்டது. அப்பா சொன்ன கெடு அது. மூட்டை கட்டினேன். அப்பாவே என்னைக் கூட்டிப்போக ஓசூர் வந்தார், கையில் ஒரு கூடை பெங்களூரா மாம்பழம். யாருக்கு என்றேன். "உன் மேனேஜருக்குத்தான். இத்தினி நாளு உன்ன வெச்சுகினு இருந்தாங்க இல்ல? சும்மா வந்துட்டா மரியாதையா?" என்றார். வேண்டாம்ப்பா, நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மேனேஜர் அறைக்குள் போனார்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். சிரித்துச் சிரித்துப் பேசினார். டீ வரவழைத்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"நல்ல பொண்ணுங்க உங்க பொண்ணு. சூட்டிகை. என்ன, ஒரு கணக்குல கொஞ்சம் சறுக்கிருச்சு. பெரிய எடம் பாருங்க, அதான் என்னால ஒண்ணும் பண்ண முடியாமப் போச்சு. அதை மனசுல வச்சுக்கிட்டு இருக்கப்படாது."

அப்பா டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு கையையும் குவித்தார்.

"சார், எம் பொண்ணு தப்பு பண்ணிடுச்சு. சின்னப் பொண்ணு சார். உங்களுக்குத் தலகுனிவு ஆயிப்போச்சு. மன்னிச்சிடுங்க சார்."

"சார், சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். "சந்தனம் வெச்சது யாருன்னு எங்கப்பாகிட்டச் சொல்லுங்க சார்!"

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் குவிந்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சேச்சே, என்னங்க இது, பெரியவங்க நீங்க போயி. அதையெல்லாம் நாங்க அப்பவே மறந்துட்டோம்" என்றார். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, வாயைத் திறக்காதே என்று கையால் அமர்த்தினார்.

பஸ் கிருஷ்ணகிரி தாண்டியது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், மீட்டர், குமிழ், சந்தனம், மேலே மாட்டிய விளக்கு, கண் எரிந்த பெண்கள், ஒன்று விடாமல். அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். முடித்ததும் என் தலையில் கை வைத்தார்.

"போவட்டும் விடும்மா. தப்பு பண்ணாத மனுசன் யாரு? அந்த மனுசனே மறந்துட்டேன்னு சொல்லிட்டாரு. நீ இன்னும் சாமி மேல பழி போட்டுகினு."

நான் கையைத் தட்டிவிட்டேன். மத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.